சாவா மூவாப் பேராடும் மாதச் சந்தாவும்

2013 மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த தன் ஆண்டு மாநாட்டில் அடோபி நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் போன்ற மென்பொருள்களின் புதிய பதிப்புகள் இனி விற்பனைக்கு வராது. மாதச் சந்தா கட்டுவோருக்கு மட்டுமே கிடைக்கும். முந்தைய ஆண்டு வந்த சி.எஸ்.6தான் ஒரே தடவை காசு கொடுத்து வாங்கிவிடக்கூடிய கடைசிப் பதிப்பு என்று ஆயிற்று. வடிவமைப்பாளர்கள் கொதித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் இணைய மனுவில் கையெழுத்திட்டார்கள். அடோபி பின்வாங்கவில்லை. 2013இல் ஏறக்குறைய 406 கோடி டாலராக இருந்த அதன் ஆண்டு வருமானம் 2024இல் 2,150 கோடி டாலரை எட்டியது. இதைப் பார்த்த மற்ற நிறுவனங்கள் சும்மா இருக்குமா?

சந்தா எங்கெல்லாமோ நுழைந்தது. வைரஸ் தடுப்பு, குறிப்பேடு, பிள்ளைகளின் ஓவியச் செயலி என்று ஒவ்வொன்றும் மாதாமாதம் கை நீட்டின. 2022இல் பி.எம்.டபிள்யூ நிறுவனம் சில நாடுகளில் காரின் இருக்கையைச் சூடாக்கும் வசதிக்கே மாதக் கட்டணம் கேட்டது. கருவி ஏற்கெனவே இருக்கைக்குள் பொருத்தப்பட்டிருக்கும். பணம் கட்டினால்தான் வேலை செய்யும். எதிர்ப்பு வலுத்ததும் மறு ஆண்டே அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

"இது கட்டுப்படியாகுமா?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். விடை காண்பது கடினமில்லை. அமெரிக்காவில் ஃபோட்டோஷாப் சி.எஸ்.6இன் விலை 699 டாலர். சந்தா தொடங்கியபோது அந்த ஒரு மென்பொருளுக்கு மாதம் ஏறக்குறைய 20 டாலர். 35 மாதங்களில் முழு விலையும் கட்டியாகிவிடும். அதன் பிறகு கட்டுவதெல்லாம் கூடுதல். ஒரே பதிப்பை ஏழெட்டு வருடம் ஓட்டுகிறவருக்குச் சந்தா நிச்சயம் நட்டம். எல்லா மென்பொருள்களும் அடங்கிய முழுத் தொகுப்பின் விலையோ 2,599 டாலர். நான்கே மாத வேலைக்கு அத்தனையும் தேவைப்படும் ஒருவருக்கு மாதம் 50 டாலர் என்பது பெரிய உதவி. ஆளுக்கு ஆள் கணக்கு மாறும். தாளும் பேனாவும் எடுத்தால் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

கணக்கு முடிந்த பிறகும் மனம் ஆறுவதில்லையே, ஏன்? லாப நட்டத்துக்கு அடியில் வேறொன்று உறுத்துகிறது. ஒரு பொருளைப் பயன்படுத்துவதும் அதை உடையவராக இருப்பதும் ஒன்றா, வேறா? உடைமையில்லாத உபயோகம் மனிதனை விடுவிக்குமா, கட்டிப்போடுமா? இந்தக் கேள்வி கணினியைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. ஒரு துறவியர் சபையையே அது உலுக்கியிருக்கிறது.

அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ் 1226இல் மறைந்தார். தம் சபையினர் எதையும் தமதாக்கிக்கொள்ளக் கூடாது என்பது அவர் வகுத்த விதி. சபை வளர்ந்தது. மடங்கள் எழுந்தன, புத்தகங்களும் துணிகளும் தானியமும் வந்து குவிந்தன. உடைமையே வேண்டாம் என்று வாக்குக் கொடுத்தவர்கள் இவற்றை எப்படித் தொடுவது? 1279இல் போப்பாண்டவர் மூன்றாம் நிக்கோலஸ் ஒரு வழி காட்டினார். பொருள்களின் உடைமை திருச்சபைத் தலைமைக்கு. துறவிகளுக்கு வெறும் உபயோகம் மட்டும்.

1322இல் போப்பாண்டவர் இருபத்திரண்டாம் ஜான் அந்த ஏற்பாட்டை மறுத்தார். உண்டால் தீர்ந்துபோவது ரொட்டி. தீர்ந்துபோகும் பொருளில் உபயோகத்தை உடைமையிலிருந்து எங்கே பிரிப்பது? தின்று முடித்த ரொட்டி இன்னொருவருக்குச் சொந்தம் என்பது பொருளற்ற பேச்சு. அவர் வாதத்தின் சாரம் இதுதான். சண்டை முற்றியது. சபையின் தலைவர் செசேனா மைக்கேலும் தத்துவ அறிஞர் ஒக்காம் வில்லியமும் 1328இல் போப்பாண்டவரின் இருப்பிடமான அவிஞோன் நகரை விட்டு இரவோடு இரவாகத் தப்பிப் போனார்கள்.

வில்லியம் பிறகு எழுதிய பதிலைத்தான் இன்றைய கணினிப் பயனர் நின்று கவனிக்க வேண்டும். உபயோகத்தை அவர் இரண்டாகப் பிரித்தார். ஒன்று உரிமையோடு கூடியது. யாராவது பறித்தால் வழக்காடலாம். மற்றது வெறும் அனுமதி. கொடுத்தவர் நினைத்த நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம், கொண்டவர் வழக்காட முடியாது. துறவிகளிடம் இருப்பது இந்த இரண்டாவதுதான் என்றார். அதற்கு அவர் ஆண்ட லத்தீன் சொல் 'லிசென்சியா'. மென்பொருளை நிறுவும்போது 'ஏற்கிறேன்' என்று அழுத்தச் சொல்லி நீளமாக ஓடும் அந்த 'லைசென்ஸ்' அதே வேரிலிருந்து முளைத்த சொல். சொல்லோடு பொருளும் அப்படியே வந்து சேர்ந்திருக்கிறது.

பிரான்சிஸ்கன் துறவிகள் அந்த நிலைக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: வறுமை. கிறிஸ்துவின் வழி என்று நம்பி, விரும்பி அதை ஏற்றார்கள். இன்றைய சந்தாதாரர் அதே நிலையை மாதாமாதம் விலை கொடுத்துப் பெறுகிறார்.

உடைமை ஒரு சுமை, அதை இறக்கி வைத்துவிட்டு உபயோகத்தை மட்டும் எடுத்துக்கொள்வதே விடுதலை என்று சந்தாவுக்காக வாதாடுகிறவர்கள் உண்டு. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. சமணத்தின் ஐந்து பெருவிரதங்களில் ஒன்று அபரிக்கிரகம், அதாவது பொருள் சேர்க்காமை. திருக்குறளில் துறவுக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. உடைமையைத் துறப்பதன் பெருமையைத் தமிழர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதனாலேயே இரண்டையும் குழப்பிக்கொள்ளவும் கூடாது. துறந்தவருக்கு நாளைய தேவை குறைந்துகொண்டே வரும். சந்தாதாரருக்கோ ஒவ்வொரு மாதமும் குறிப்பிட்ட தேதியில் வங்கிக் கணக்கில் பணம் இருந்தே ஆக வேண்டும். ஒருவர் பற்றை விடுகிறார். மற்றவர் தம் வீட்டுச் சாவியை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு வாசலில் நிற்கிறார்.

நீதிமன்றங்களும் இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றிருக்கின்றன. குறுந்தட்டில் வரும் மென்பொருள் ஒரு சரக்குதான், அதற்கு விற்பனை வரி உண்டு என்று 2004இல் டாட்டா கன்சல்டன்சி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மென்பொருளின் பதிப்புரிமை வேறு, அதன் ஒரு பிரதியை வாங்குவது வேறு என்று 2021இல் வருமான வரி தொடர்பான இன்னொரு வழக்கில் மேலும் தெளிவாக்கியது. காலவரையின்றிப் பயன்படுத்த ஒரு விலை கொடுத்திருந்தால் அது விற்பனையே, வாங்கியவர் அதை மறுபடி விற்கலாம் என்றது ஐரோப்பிய நீதிமன்றம், 2012இல். அமெரிக்காவில் நிலைமை வேறு. பழைய ஆட்டோகேட் பிரதிகளை இணையத்தில் விற்ற ஒருவரின் வழக்கில், அந்தப் பிரதிகளை முதலில் பெற்ற நிறுவனமே உடைமையாளர் இல்லை, வெறும் உரிமம் பெற்றவர்தான் என்று 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு கட்டியது. சந்தா இந்த விவாதத்தின் காலடியிலிருந்து நிலத்தையே உருவிவிட்டது. விற்பனையே நடக்காதபோது வாங்கியவர் யார், விற்றவர் யார்?

இதுவரை படித்தவர், சந்தா என்றாலே கொள்ளை என்று இக்கட்டுரை தீர்ப்பெழுதப்போகிறது என நினைக்கலாம். அந்தத் தீர்ப்பு நியாயமாகாது. போப்பாண்டவர் ஜானின் ரொட்டியை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும்.

மென்பொருள் ரொட்டியைப் போன்றதா? ஒருவர் பயன்படுத்துவதால் மற்றவருக்குக் குறைவதில்லை. கோடிப் பேர் நகலெடுத்தாலும் மூலம் அப்படியே இருக்கிறது. மணிமேகலை கையிலிருந்த அமுதசுரபியை இதற்கு ஒப்பிடலாம். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம். மணிமேகலைக் காப்பியத்தில் அவளுக்கு முன் அந்தப் பாத்திரத்தை வைத்திருந்தவன் ஆபுத்திரன். ஊட்டுவதற்கு யாருமே இல்லாத மணிபல்லவத் தீவில் தனியே விடப்பட்டபோது, தன் ஒருவன் உயிரைக் காக்க அது எதற்கு என்று பொய்கையில் இட்டுவிட்டு, உண்ணாமலிருந்து உயிர் துறந்தான். குறையாத ஒன்றைத் தனக்கென்று மட்டும் வைத்துக்கொள்வதை அந்தக் காப்பியத்தின் அறம் ஏற்கவில்லை.

ஆனால் அமுதசுரபி என்பது பாதி உண்மைதான். சிவகாசி அச்சகங்களிலும் திருவல்லிக்கேணிச் சந்துகளிலும் இருந்த டி.டி.பி. சென்டர்களை நினைத்துப் பாருங்கள். 2001இல் வெளிவந்த பேஜ்மேக்கர் 7.0ஐ வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்காகத் திருமண அழைப்பிதழும் நாவலும் ஆண்டு மலரும் அடித்துத் தள்ளினார்கள். அவற்றில் பல, விலை கொடுக்காத நகல்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை. அந்த மென்பொருளுக்கு யூனிகோடு தெரியாது. ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தது. அதே எழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஃபைலைத் திறந்தால் தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து கிடக்கும். புதிய விண்டோஸ் வந்தது, பிரிண்டர் மாறியது, யூனிகோடு நிலைத்தது. மென்பொருள் மட்டும் 2001லேயே நின்றது. 'ஒரு தடவை வாங்கினால் என்றென்றைக்கும்' என்பது நடைமுறையில் பத்துப் பதினைந்து வருடம்தான். மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் 2016ஐயும் 2019ஐயும் சொந்தமாக வாங்கி வைத்திருந்தவர்களுக்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. மென்பொருள் இன்னமும் திறக்கும். அதில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கத்தான் ஆளில்லை.

குறையாத அமுதசுரபிக்குள் அன்றாடம் நெய் கேட்கும் ஒரு விளக்கும் எரிகிறது. அதற்கு நெய் வார்ப்பது யார், அவர் கூலிக்கு என்ன வழி?

இந்தக் கேள்வியைச் சோழர் காலத்துக் கோயில்கள் நேருக்கு நேர் சந்தித்திருக்கின்றன. கோயிலில் அணையாமல் எரிய வேண்டியது நந்தா விளக்கு. அதற்கு நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இதற்கான ஏற்பாடு விளக்கமாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது: ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள். கொடையாளி ஒரே தடவைதான் கொடுக்கிறார். ஆடுகளைப் பெறும் இடையர் நாள் தவறாமல் நெய் அளக்கிறார். குட்டியும் மிஞ்சிய பாலும் அவருக்கு. ஆடு செத்தாலும் கிழடானாலும் குட்டியை வளர்த்து எண்ணிக்கையை அவர் நிரப்ப வேண்டும். அதனால் இவ்வாறு கொடுக்கப்பட்ட ஆடுகளுக்குக் கல்வெட்டு மொழியில் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். சாகவும் சாகாது, மூப்பும் அடையாது.

ஒருமுறைக் கொடைக்கும் அன்றாட உழைப்புக்கும் ஒரே ஏற்பாட்டில் நியாயம் செய்திருக்கிறார்கள். இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: விளக்கின் வெளிச்சத்துக்கு யாரும் தனியே பூட்டுப் போடவில்லை.

நெய் வார்ப்பவர் பக்கத்திலிருந்து பேசத் தமிழ்நாட்டுக்குத் தனிக் காரணம் உண்டு. 1996இல் தொடங்கிய ஜோஹோவும், 2010இல் சென்னையில் பிறந்து 2021இல் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலான ஃபிரெஷ்வொர்க்ஸும் சந்தா வருமானத்தால் வளர்ந்தவை. தென்காசிப் பக்கத்துக் கிராமத்தில் உட்கார்ந்து நிரல் எழுதும் இளைஞரின் மாதச் சம்பளம் எங்கோ ஒரு நாட்டில் யாரோ கட்டும் மாதச் சந்தாவிலிருந்து வருகிறது. மாதம் முழுக்க உழைப்பவருக்கு மாதந்தோறும் கூலி வேண்டும் என்பதில் தவறு காண என்ன இருக்கிறது? தொடர்ந்து கொடுப்பது அநீதி ஆகாது. உழைப்பு தொடர்ந்தால் கூலியும் தொடரத்தான் வேண்டும்.

அப்படியானால் அநீதி எங்கே தொடங்குகிறது? கட்டுவதை நிறுத்தும் நாளில்.

2022 இறுதியில் ஃபோட்டோஷாப் பயனர்கள் பலர் தங்கள் பழைய ஃபைல்களைத் திறந்தபோது சில இடங்கள் கன்னங்கரேலென்று தெரிந்தன. அச்சுத் துறையின் நிற அளவுகோலான பான்டோன் நிறங்களை இட்டிருந்த இடங்கள் அவை. அடோபிக்கும் பான்டோன் நிறுவனத்துக்கும் இருந்த ஏற்பாடு மாறிவிட்டதால், அந்த நிறங்களை மீட்க மாதம் 15 டாலர் தனிச் சந்தா கட்டச் சொன்னார்கள். படத்தை வரைந்தவர் அந்தப் பயனர். நிறத்தைத் தேர்ந்தவர் அவர். எப்போதோ முடித்துக் கூலியும் வாங்கிவிட்ட வேலை. அதன் நிறம் அவர் கையைவிட்டுப் போயிற்று.

2019 அக்டோபரில் வெனிசுலாவில் நடந்தது இன்னும் கொடுமை. அமெரிக்க அரசின் தடை ஆணையைக் காட்டி, அந்நாட்டுப் பயனர்களின் கணக்குகளையெல்லாம் மூடப்போவதாக அடோபி அறிவித்தது. அரசிடம் சிறப்பு அனுமதி பெற்ற பிறகு முடிவை மாற்றிக்கொண்டது. ஆனாலும் தவணை தவறாமல் கட்டிய ஓவியர் ஒருவர், தமக்குச் சம்பந்தமில்லாத இரு அரசுகளின் பகைக்காகத் தம் வேலையை இழக்கக்கூடும் என்பது அந்தச் சில வாரங்களில் தெரிந்துபோயிற்று. விலகுவதும் எளிதாக இருப்பதில்லை. ஆண்டுத் திட்டத்தை நடுவில் நிறுத்துவோர் கட்ட வேண்டிய தொகையைச் சரிவரக் காட்டாமல் மறைத்ததாகவும், ரத்து செய்யும் வழியைக் கடினமாக்கியதாகவும் குற்றம்சாட்டி 2024 ஜூனில் அமெரிக்க அரசு அடோபி மீது வழக்குத் தொடுத்தது. நம் நாட்டில் ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் கொண்டுவந்த விதி ஓரளவு காவல்: கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்கப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் வந்தாக வேண்டும்.

ஒக்காம் வில்லியம் சொன்ன 'வெறும் அனுமதி'யின் முழுக் கனமும் இங்கே தெரிகிறது. வாடகை வீட்டைக் காலி செய்கிறவர் தம் கட்டிலையும் பாத்திரங்களையும் எடுத்துக்கொண்டு போகலாம். சுவர் வீட்டுக்காரருடையது, கட்டில் குடியிருந்தவருடையது. சந்தா மென்பொருளில் கட்டிலும் சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. இன்டிசைனின் புதிய பதிப்பில் சேமித்த ஃபைலைப் பழைய சி.எஸ்.6 நேரடியாகத் திறக்காது. ஐ.டி.எம்.எல். என்ற பொது வடிவத்தில் மாற்றிக் கொடுத்தால் திறக்கும். ஆனால் மாற்றுவதற்கே புதிய பதிப்பு வேலை செய்ய வேண்டும்; அதற்குச் சந்தா உயிரோடு இருக்க வேண்டும். கருவிக்கு வாடகை கேட்பதை ஏற்கலாம். அந்தக் கருவியால் ஒருவர் செய்து முடித்த வேலைக்கும் சேர்த்து வாடகை கேட்பதை எந்த அறமும் ஏற்காது.

இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. நிரலாளர்களுக்கான கருவிகளைச் செய்யும் ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம் 2015 செப்டம்பரில் சந்தா முறைக்கு மாறுவதாக அறிவித்தது. வாடிக்கையாளர்கள் எதிர்த்தார்கள். இரண்டே வாரத்தில் திட்டத்தைத் திருத்தினார்கள்: பன்னிரண்டு மாதம் கட்டியவர் பிறகு நிறுத்திவிட்டாலும், அந்தக் காலத்தின் தொடக்கத்தில் இருந்த பதிப்பு என்றைக்கும் அவருடையது. புதியது வேண்டுமென்றால்தான் மறுபடி கட்ட வேண்டும். வேலை செய்தவருக்குக் கூலி கிடைத்தது, கட்டியவர் வெறுங்கையோடு போகவில்லை.

அதைவிட நெஞ்சைத் தொடுவது பிளெண்டரின் கதை. முப்பரிமாண அசைவூட்டத்துக்கான இந்த மென்பொருளை நெதர்லாந்தைச் சேர்ந்த டான் ரோசெண்டால் உருவாக்கினார். 2002இல் அவருடைய நிறுவனம் மூடப்பட்டது. ஒரு லட்சம் யூரோ தந்தால் மூல நிரலைப் பொதுவில் வைக்கச் சம்மதிப்பதாக முதலீட்டாளர்கள் சொன்னார்கள். அவர் பொதுமக்களிடம் கையேந்தினார். ஏழு வாரத்தில் பணம் சேர்ந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 13ஆம் தேதி பிளெண்டர் எல்லோருக்கும் உரியதாயிற்று. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம். அன்று கொடுத்தது ஒருமுறைக் கொடை. அன்றாட நெய்க்கு இன்றும் தனி மனிதர்களும் பெரிய நிறுவனங்களும் மாதாமாதம் பணம் அனுப்புகிறார்கள். அனுப்புவதை நிறுத்தியவரின் கணினியில் மென்பொருள் பூட்டிக்கொள்வதில்லை. லாட்வியா நாட்டின் 'ஃப்ளோ' என்ற படம் இந்த மென்பொருளில் உருவானது. 2025 மார்ச்சில் சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. 96 ஆடுகள் இன்னும் மேய்ந்துகொண்டுதான் இருக்கின்றன.

எல்லோரும் இன்றைக்கே பிளெண்டருக்கோ லிப்ரே ஆஃபீஸுக்கோ மாறிவிட முடியாது. அச்சகம் இன்டிசைன் ஃபைல்தான் கேட்கும், அலுவலகம் எக்ஸெல்தான் கேட்கும். பிழைப்பு அங்கே இருக்கும்போது சந்தா கட்டுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கார்டு எண்ணைப் போடுவதற்கு முன்னால், மாதம் எவ்வளவு என்பதோடு இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: கட்டுவதை நிறுத்தும் நாளில் என் கையில் என்ன மிஞ்சும்? இதற்கு நேரான பதில் சொல்லாத மென்பொருள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்கத் தகுதியற்றது. ஏற்கெனவே கட்டிக்கொண்டிருப்பவர்கள் இந்த வாரமே ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். சந்தா உயிரோடு இருக்கும்போதே பழைய வேலைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, ஐ.டி.எம்.எல்., பி.டி.எஃப்., எஸ்.வி.ஜி. என எந்தப் பொது வடிவத்தில் முடியுமோ அதில் ஒரு பிரதி எடுத்துத் தனி வட்டில் சேமித்து வையுங்கள். அவை உங்கள் உழைப்பு.